நாற்பது போதும் என்ற கணக்கு

புகழேந்திக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. அக்கா வேலுத்தாய்க்கு அப்போது பதினாறு. ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே மானாவாரிக் காடுகளுக்கு நடுவில் இருக்கிற அவர்கள் ஊரில் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. அவள் படிப்பும் அதோடு சரி. விடிந்ததும் ஊர் கூடும் மந்தைக்கு வரும் கம்பெனி வேனில் ஏறி, அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் பேக்கிங் ரூமில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பதினைந்து வருஷம் எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

அவள் கட்டிய பெட்டியில் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறைந்ததில்லை. லோடு ஏற்றும் முன் மற்றவர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் சூப்பர்வைசர், வேலுத்தாயின் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்படியே அனுப்பிவிடுவார். அவளோ அவர் தட்டும் முன்பே இரண்டு தடவை எண்ணியிருப்பாள். கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "தம்பி ஒரு வேலையில ஒக்காரட்டும்" என்பாள். தம்பி வேலையில் உட்கார்ந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லாமல் போயிருந்தது. அதை அவள் ஒரு குறையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

புகழேந்தி பத்தாம் வகுப்பு முடித்து, விருதுநகரில் ஐ.டி.ஐ.யில் படம் வரையும் படிப்பு இரண்டு வருஷம் படித்தான். பிறகு சிவகாசியில் கம்ப்யூட்டரில் வரைய ஆறு மாதம். அது முடிந்ததும் சீனிவாசகத்தின் டிராயிங் ஆபீஸில் சேர்ந்தான். பட்டாசுக் கம்பெனி ஒன்று லைசென்ஸ் வாங்கவும் புதுப்பிக்கவும் வேண்டுமென்றால், கம்பெனியின் வரைபடம் கொடுக்க வேண்டும். எந்த ஷெட் எங்கே இருக்கிறது, ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் எத்தனை மீட்டர், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். புகழேந்தி டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து வருவான். டேப்பின் மறுமுனையை ஃபோர்மேன் பிடித்தால், அவர் சரியாகச் சுவரில்தான் பிடித்திருக்கிறாரா என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அளவை எழுதுவான். "எங்க மேல நம்பிக்கை இல்லையாக்கும்" என்று கேலி பேசுவார்கள். "டேப்பு மேலதாண்ணே நம்பிக்கை இல்ல" என்பான்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் கோடையில் சீனிவாசகத்தின் ஆபீஸ் பீரோவில் கரையான் ஏறிவிட்டது. இருபது வருஷத்துப் பழைய வரைபடங்கள். ஒன்றைத் தூக்கினால் பாதி கையில் வந்தது, பாதி மண்ணாக உதிர்ந்தது. மிஞ்சியதை எல்லாம் மதுரையில் பெரிய ஸ்கேனர் வைத்திருக்கும் கடையில் கொடுத்து ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தார்.

"புகழு, இதுக்கெல்லாம் எம்புட்டுப் பெரிய ஹார்ட் டிஸ்க் வேணும்? கணக்குப் போட்டுத் திங்கக்கெழம சொல்லு. நான் மதுரைக்குப் போறப்ப வாங்கிட்டு வந்துருதேன்."

முதன்முறையாக ஒரு பெரிய காரியத்தை அவன் பொறுப்பில் விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் நோட்டோடு உட்கார்ந்தான். வேலுத்தாய் உளுந்தை அரித்து வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னலே எழுதுற?"

"படத்த எல்லாம் வைக்க எடம் எம்புட்டு வேணும்னு பாக்கேன்."

"கம்ப்யூட்டருக்குள்ளயா? அதுக்குள்ள ஏதுலே எடம்?"

"ஒங்க கம்பெனி குடோன் மாதிரின்னு வச்சுக்கோக்கா. குடோனுக்கு ஒரு அளவு இருக்குல்ல. பெட்டிக்கு ஒரு அளவு இருக்கு. எத்தனை பெட்டி வரும்னு தெரிஞ்சா எம்புட்டுப் பெரிய குடோன் வேணும்னு சொல்லிரலாம்."

அதன் பிறகு அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கேள்விகளை அவளே கேட்க ஆரம்பித்தாள்.

"எத்தனை பார்ட்டி?"

"எரநூத்தி அறுவது கம்பெனி."

"ஒரு பார்ட்டிக்கு எத்தனை படம்?"

"சிலதுக்கு ரெண்டு, சிலதுக்கு ஏழு. சராசரி நாலு."

"நாலுன்னு நீயா சொல்லுதியா, எண்ணிப் பாத்தியா?"

"எண்ணிப் பாத்தேங்க்கா. முப்பது பார்ட்டிய எடுத்து எண்ணிட்டேன்."

அவள் திருப்தியாகத் தலையை ஆட்டினாள். ஆயிரத்து நாற்பது படம். ஸ்கேன் எடுத்த பெரிய தாள் ஒன்று முப்பது எம்.பி. பிடிக்கும் என்று மதுரைக் கடையில் கேட்டு வந்திருந்தான். பெருக்கினால் முப்பத்தோராயிரத்து இருநூறு. ஆயிரம் எம்.பி. ஒரு ஜி.பி. என்று வைத்துக்கொண்டால் முப்பத்தொன்று. அவள் தனியாக ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்து, அதே விடை வந்ததும் டிக் போட்டாள்.

அடுத்தது, அதே ஆயிரத்து நாற்பதையும் கம்ப்யூட்டரிலேயே கோடு போட்டு மறுபடி வரைகிற படங்கள். அவை சின்னவை, ஒன்றுக்கு ஒரு எம்.பி. போதும். ஆனால் எந்தப் பார்ட்டியும் முதல் படத்தை ஏற்றுக்கொள்வதில்லை. கதவை மாற்று, வேலியைத் தள்ளு, ஷெட்டைச் சேர் என்று ஒரு படம் ஆறு தடவையாவது மாறும். மாறும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே பக்கத்தில் இன்னொரு நகல் போட்டு வைக்கும். ஆக, ஒரு படத்துக்குப் பன்னிரண்டு. அதற்கு ஒரு பன்னிரண்டரை ஜி.பி. இரண்டும் சேர்ந்து நாற்பத்து நான்கு. இன்னும் மூன்று வருஷத்தில் வரப்போகும் புதுப் பார்ட்டிகளுக்கு இதில் பாதி. அறுபத்தாறு. டிஸ்க்கைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது, கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும் என்று சேர்த்து, எண்பது என்று எழுதி வட்டம் போட்டான்.

"அப்பறம் இதே மாதிரி இன்னொரு எண்பது."

"அது என்னத்துக்கு?"

"ஒண்ணு கெட்டுப் போச்சுன்னா இன்னொண்ணு வேணும்ல."

வேலுத்தாய் நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"ஏலே, நீ சேந்து ஒரு வருஷம் ஆகல. மொத மொதலா ஒன்னய நம்பி ஒண்ணு கேட்டிருக்காரு. எடுத்த எடுப்புல எண்பது, அதுலயும் ரெண்டுன்னா, 'யாரு வீட்டுச் சொத்து'ன்னு நெனைக்க மாட்டாரா?"

"கணக்கு அப்படித்தான வருது."

"கணக்கு வரும். ஆனா நம்ம எங்கன நிக்கோம்னு பாக்கணும்ல. எங்க கம்பெனில அந்தப் பானுப்பிரியா ரூமுக்கு ரெண்டு ஃபேன் வேணும்னு கேட்டா. இருந்த ஒண்ணையும் கழட்டிட்டுப் போயிட்டாக. ஒண்ணு போதும்னு இருக்குறவளத்தான் நாளைக்கும் வான்னு சொல்லுவாக." அவள் விரலால் ஒரு வரியைத் தொட்டாள். "இந்தா, இந்தப் பன்னெண்டு. ஆறு தடவ மாத்துனா ஆறையும் என்னத்துக்கு வச்சுக் காப்பாத்துற? கடைசிப் படந்தான சர்க்காருக்குப் போவுது. நாங்க லேபிள் தப்பா ஒட்டுனா கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசு ஒட்டுவோம். கிழிச்சத எவளாவது பெட்டில போட்டு வப்பாளா?"

புகழேந்தி சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே யோசித்தான். கடைசிப் படம் மட்டும் என்றால் பன்னிரண்டரை இருந்த இடத்தில் ஒன்றுதான். புதுப் பார்ட்டி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நகலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. நாற்பதில் ஏழு மிச்சம்.

"நாப்பதுன்னு கேளு. மொகம் சுளிக்காம வாங்கித் தருவாரு. பத்தலைன்னா நாளப்பின்ன நல்ல பேரோட போயி இன்னொண்ணு கேக்கலாம்."

அவன் எண்பதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினான்.

திங்கட்கிழமை சீனிவாசகம் புருவத்தை உயர்த்தினார். "நாப்பது போதுமாப்பா? நல்லாப் பாத்தியா?"

"போதும் சார்."

டிஸ்க் வந்து பொருத்திய அன்று, நாற்பது என்று எழுதியிருந்ததில் கம்ப்யூட்டர் முப்பத்தேழுதான் காட்டியது. அவன் வீட்டுக்கு வந்து சொன்னபோது வேலுத்தாய்க்குக் கோபம் பொங்கியது. "நாப்பதுன்னு எழுதி முப்பத்தேழக் கட்டுதானா? எங்க கம்பெனில இப்படி ஒரு பெட்டி கட்டுனா தோல உரிச்சுருவாக." டிஸ்க் செய்கிற கம்பெனிக்காரன் எண்ணுகிற ஆயிரம் வேறு, கம்ப்யூட்டர் எண்ணுகிற ஆயிரம் வேறு என்று அவன் சொன்னதை அவள் கடைசிவரை ஏற்கவில்லை.

ஸ்கேன் எடுத்த பழைய தாள்களைப் பார்ட்டிகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் வாங்க வராதவை எடைக்குப் போயின. ஒன்றரை வருஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது. புகழேந்தியின் படங்களில் அதிகாரிகள் திருத்தம் போட்டதே இல்லை என்று சீனிவாசகம் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். புதுப் பார்ட்டிகள் நாற்பது, ஐம்பது என்று சேர்ந்தார்கள்.

அந்த இரண்டாம் வருஷம், தீபாவளி முடிந்து கம்பெனிகள் சோம்பிக் கிடந்த நவம்பரில், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியை அளக்கப் போனான். வேலியோரம் ஒரு புது ஷெட் போட்டிருந்தார்கள். அதற்கும் பக்கத்து ஷெட்டுக்கும் இருக்க வேண்டிய இடைவெளியில் பாதிகூட இல்லை. இருந்ததை இருந்தபடி வரைந்து, அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஆபீஸில் காட்டினான். பார்ட்டியைக் கூப்பிட்டுப் பேசினார்கள். "அந்த ஷெட்டப் பிரிச்சுருதேன். அது இல்லாமப் படம் போடுங்க" என்று கம்பெனி முதலாளி சொன்னார். சரி என்று இரண்டாவது படம் போட்டார்கள். அதுதான் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனது. அளவு எழுதிய துண்டுச்சீட்டுகளை, படம் ஏறியதும் கிழித்துப் போடுவது ஆபீஸ் வழக்கம். அவற்றையும் கிழித்தார்கள்.

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் டிஸ்க்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. முப்பத்தோராம் தேதிக்குள் கொடுக்க வேண்டிய படங்கள் பதினெட்டு நின்றன. சீனிவாசகம் பக்கத்து அறையில்தான் இருந்தார். எழுந்துபோய், "சார், இடம் பத்தல" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் நாற்பது போதும் என்று சொன்னது அவன் வாய். அவன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பார்ட்டியிலும் கடைசிப் படத்தை மட்டும் விட்டுவிட்டு, அதுவரை அழிக்காமல் வைத்திருந்த மற்றதை எல்லாம் அழித்தான். நானூறு படத்துக்கு மேல். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரமில்லை. அன்று இரவு சாப்பிடும்போது, "எடம் நெருக்கடியாயிருச்சுக்கா. பழசத் தூக்கிட்டேன்" என்றான். "அதான நல்லது" என்றாள் வேலுத்தாய்.

ஆகஸ்டில், சீசன் சூடு பிடித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்த ஷெட் வெடித்தது. அதை யாரும் பிரித்திருக்கவில்லை. பக்கத்து ஷெட்டும் சேர்ந்து போனது. ஆறு பேர். அதில் ஒருத்தி தங்கத்தாய். வேலுத்தாயின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். வேலுத்தாயிடம் ரவிக்கைத் துணி அளவு கேட்டுவிட்டு அன்று காலையில்தான் வேன் ஏறிப் போனாள். துணியால் இறுகக் கட்டித்தான் கொண்டு வந்தார்கள். முகம் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பெனி முதலாளியின் பதில் மறுநாளே வந்துவிட்டது. அப்படி ஒரு ஷெட் இருப்பதே தனக்குத் தெரியாதாம். உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் போன வாரம் தாங்களாகப் போட்டுக்கொண்டார்களாம். லைசென்ஸ் படத்தில் அந்த ஷெட் இல்லை, நீங்களே பாருங்கள் என்றாராம்.

தங்கத்தாயின் புருஷன் சங்கையா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். புகழேந்தி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னான்.

"மச்சான், அவரு சொல்லுதது பொய். அந்த ஷெட்டு நவம்பர்லயே இருந்துச்சு. நான் அளந்தேன். படம் போட்டு அவருகிட்டயே காட்டியிருக்கு."

சங்கையா நிமிர்ந்தான். "நெசமாவா?"

"கம்ப்யூட்டர்ல தேதியோட இருக்கும். நான் எடுத்துத் தாரேன்."

அந்த ஒரு சொல் அன்று சாயங்காலத்துக்குள் ஆறு வீட்டுக்கும் போய்விட்டது. வேலுத்தாயைக் கண்டவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒன் தம்பி நல்லாருக்கணும்" என்றாள் ஒரு கிழவி. அந்தத் துக்கத்திலும் வேலுத்தாய்க்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதற்காகப் பிறகு அவள் தன்னையே வெறுத்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி உள்ளே இருந்தார். சீனிவாசகம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேலுத்தாயும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். எல்லோரும் பார்க்க, புகழேந்தி கம்ப்யூட்டரில் அந்தக் கம்பெனியின் பெயரைத் திறந்தான்.

ஒரே ஒரு படம் இருந்தது.

அவன் மறுபடி மூடித் திறந்தான். வேறு இடங்களில் தேடினான். அவன் கை மெதுவாகிக்கொண்டே வந்ததை வேலுத்தாய் பார்த்தாள். பிறகு கை நின்றுவிட்டது. அவன் திரும்பி அக்காவைப் பார்க்கவில்லை. அதிகாரியைத்தான் பார்த்தான்.

"மார்ச்சுல அழிச்சிட்டேன் சார். எடம் இல்லன்னு. நாந்தான் அழிச்சேன்."

"யார் அழிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

சங்கையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவன் கத்தவில்லை. "எம்புட்டு வாங்குன மாப்ள?" என்று மட்டும் கேட்டான்.

மதுரைக்கு டிஸ்க்கைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அழித்த படம் மறைந்துதான் இருக்கும், சில சமயம் தோண்டி எடுக்கலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இடம் தாராளமாக இருக்கிற டிஸ்க்காக இருந்தால் கிடைத்திருக்குமாம். இதில் நெருக்கடியாக இருந்ததால், அழித்த இடத்தின் மேலேயே புதுப் படங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன.

சீனிவாசகம் அவனைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். நவம்பரில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததாகத் தனக்கு ஞாபகம் இல்லை என்றும் அதிகாரியிடம் சொல்லியிருந்தார். ஊரில் யாரும் புகழேந்தியை அடிக்கவில்லை, திட்டவில்லை. அவன் குழாயடிக்குப் போனால் குடங்கள் நகர்ந்தன. சுவரில் கரியால் யாரோ ஒரு ரூபாய்த் தொகை எழுதி வைத்தார்கள். வேலுத்தாய் சுண்ணாம்பு அடித்து அழித்தாள். மறுநாள் அதைவிடப் பெரிய தொகை எழுதியிருந்தது.

"படத்தத்தான அழிச்ச. காச வாங்கலைன்னு வெளிய போயிச் சொல்லேன்லே."

"சொன்னா நம்புவாகளாக்கா?"

"எண்பது கணக்கையாவது சொல்லு. நாந்தான நாப்பதுன்னு சொன்னேன். லேபிளக் கிழிக்கற மாதிரிக் கிழின்னு சொன்னது நாந்தான?"

"நீ பேசாம இரு. அழிச்சது நான்."

அவள் பேசாமல் இருக்கவில்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை அவனுக்குத் தெரியாமல் சிவகாசிக்குப் பஸ் ஏறினாள். வழி முழுக்க என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போனாள். சீனிவாசகம் அவளை உட்காரச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அண்ணாச்சி, எந் தம்பி ஒரு தப்பும் பண்ணல. அவன் கணக்குச் சரியாத்தான் போட்டான். எண்பது வேணும், அதுலயும் ரெண்டு வேணும்னு போட்டான். நாந்தான் கொறைச்சுக் கேளுன்னு சொன்னேன். நீங்க சங்கடப்படக் கூடாதேன்னு."



"எண்பதுன்னு கேட்டிருந்தா வாங்கிக் குடுத்திருப்பேனேம்மா. நான் நூத்தியிருவது வரைக்கும் நெனச்சு வச்சிருந்தேன். அவன் நாப்பதுன்னதும், சரி, படிச்ச பையன், தெரிஞ்சுதான் சொல்லுவான்னு விட்டுட்டேன்."

"அப்ப இத அதிகாரிகிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. அவன் மேல தப்பில்லன்னு."

"நான் சொல்லறத விட நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நான் சேத்துருதேன்."

அவர் வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். வேலுத்தாயின் கையெழுத்து நன்றாக இருக்கும். எட்டாம் வகுப்பு வாத்தியார் அவள் நோட்டைத்தான் மற்ற பிள்ளைகளுக்குக் காட்டுவார். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். பார்ட்டி இருநூற்று அறுபது. படம் ஆயிரத்து நாற்பது. ஸ்கேன் முப்பத்தொன்று. மாற்றிய படங்கள் பன்னிரண்டரை. மொத்தம் இவ்வளவு, சேர்த்து வைக்க வேண்டியது இவ்வளவு. 'என் தம்பி புகழேந்தி எண்பது வேண்டும் என்று சரியாகக் கணக்கிட்டிருந்தான். நாற்பது போதாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அக்காவாகிய நான் சொன்னதால்தான் நாற்பது என்று சொன்னான்.' பெருக்கல்களை ஓரத்தில் போட்டுச் சரிபார்த்தாள். இரண்டு தடவை படித்தாள். கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள். பஸ்ஸில் திரும்பும்போது பல நாளுக்குப் பிறகு அவளுக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வந்தது.

வியாழக்கிழமை அதிகாரி புகழேந்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். போனவன் சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"அக்கா, தாள்ல என்ன எழுதிக் குடுத்த?"

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள்.

"போதாதுன்னு எனக்குத் தெரியும்னு எழுதியிருக்க."

"ஆமா. ஒனக்கு வெவரம் தெரியும்னு காட்டணும்ல. தப்பாக் கணக்குப் போடுறவன் இல்லன்னு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தெரியாம அழிச்சேன்னா அது கவனக்குறைவுக்கா. ஏசிட்டு விட்டுருவாக. போதாதுன்னு தெரிஞ்சும் கொறைச்சுச் சொல்லி, நெரம்பட்டும்னு இருந்து, நெரம்புனதும் அழிச்சிருக்கேன்னு இப்ப வருது. அதிகாரி அப்படித்தான் படிச்சாரு. சீனிவாசகம் சாரும், 'என்கிட்ட மறைச்சுட்டான்'னு அது மேலயே எழுதிக் குடுத்திருக்காரு."

வேலுத்தாய் தான் எழுதிய வரிகளை மனதுக்குள் திரும்பப் படித்தாள்.

"கணக்கெல்லாம் சரியா எழுதியிருக்கக்கா" என்றான் அவன். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. "ஒரு எடத்துலயும் தப்பு இல்ல."

அவள் அப்படியே எழுந்து சங்கையாவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். உளுந்து அரித்த காலை, எண்பது, நாற்பது, கிழித்த லேபிள். சங்கையா கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டான்.

"அப்ப அக்காளும் தம்பியும் சேந்துதான் கணக்குப் போட்டிருக்கீக" என்றான். கதவைச் சாத்தவில்லை. அவள் போகும்வரை திறந்தே வைத்துக்கொண்டு நின்றான். அவன் சாத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

வழக்குப் போடும் அளவுக்கு விஷயம் போகவில்லை. காசு கைமாறியதற்குச் சாட்சி எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் சிவகாசியிலும் சாத்தூரிலும் விருதுநகரிலும் படம் வரையும் ஆபீஸ்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவை. மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தான். ஒரு இடத்தில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். ஆறு வீட்டுக்காரர்களின் வழக்கு, அந்த ஷெட் எப்போது போட்டது என்ற ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றது. தீபாவளி முடிந்த வாரம் அவன் திருப்பூருக்குப் புறப்பட்டான். பனியன் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை.

பஸ் வருகிறவரை இருவரும் மந்தையில் நின்றார்கள். வேலுத்தாய் ஒரு பையில் முறுக்கும் இன்னொரு பையில் துணிகளும் வைத்திருந்தாள். பஸ் திருப்பத்தில் தெரிந்ததும் அவன் பைகளை வாங்கிக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த எண்பது வெவரத்த நான் மொதல்லயே அதிகாரிகிட்டச் சொல்லிட்டேன். நீ எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாலயே. ஒன் தாளால ஒண்ணும் ஆகல."

"எப்பச் சொன்ன?"

"திங்கக்கெழமயே. ஆபீஸுல எல்லாரும் போனப்பறம்."

"நீ அன்னைக்கு என்கூடத்தானலே பஸ்ஸுல வந்த."

"அப்ப செவ்வாக்கெழமயா இருக்கும்."

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் அவன் வீட்டை விட்டு இறங்கவே இல்லை. அவள் கம்பெனியிலிருந்து வந்தபோது காலையில் உடுத்திய கைலியோடு கிடந்தான். அதை அவள் சொல்ல வாயெடுத்தாள். பஸ் வந்து நின்றுவிட்டது. அவன் படியில் ஏறி நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், சரி என்று சொல்லிவிடு என்பது போல.

"சரிலே. செவ்வாக்கெழமயா இருக்கும்" என்றாள் வேலுத்தாய்.